டிரோன் கடலில் விழுந்துவிட்டதா? பினாங்கில் பறக்கவிடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சோங் பூங்கா கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் டிரோன் கடலில் இறங்கியது. திரையில் பச்சைத் தண்ணீர் நெருங்கி வந்தது, ஒரு நுரை தெரிந்தது, அதோடு படம் உறைந்துபோனது. ஈப்போவிலிருந்து வந்திருந்த என் அத்தை பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற காட்சி அந்த மெமரி கார்டில் இருந்தது. அத்தை கடலில் கால் வைத்தே பல வருடமாகியிருந்தது. டிரோன் போனதைவிட அந்தக் காட்சி போனதுதான் வயிற்றைக் கலக்கியது.

அன்று சாயங்காலமே அதைக் கண்டுபிடித்தேன். அடுத்த வருடம் இன்னொன்று விழுந்தது, அது இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்ததற்கும் கிடைக்காததற்கும் நடுவே இருந்த வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. முதல் பத்து நிமிடத்தில் எதைக் குறித்து வைத்தோம், எந்த நேரத்தில் தேடப் போனோம், இந்த இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிகள் நீளமாக இருக்கும்.

முதல் பத்து நிமிடம்: இடத்தை விட்டு நகராதீர்கள்

விழுந்த உடனே தண்ணீருக்குள் ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ரிமோட்டையும் அணைக்க வேண்டாம், செயலியையும் மூட வேண்டாம். வரைபடத்தில் டிரோனின் கடைசி இடம் அம்புக்குறியாகத் தெரியும். அந்தத் திரையை உடனே படமெடுத்துக்கொள்ளுங்கள். உயரம், வேகம், தூரம், மணி எல்லாம் அந்தப் படத்தில் விழ வேண்டும். டிஜேஐ நிறுவனத்தின் செயலி வைத்திருப்பவர்கள் ஃபைன்ட் மை டிரோன் பக்கத்துக்குப் போய், அங்கே காட்டும் ஜிபிஎஸ் எண்களையும் படமெடுங்கள். விளக்கை மினுக்கி ஒலி எழுப்பும் பொத்தான் அங்கேயே இருக்கும். டிரோன் பாறையிலோ மரத்திலோ சிக்கியிருந்தால் அது உதவும். நீருக்குள் போயிருந்தால் உதவாது, ஏனென்றால் ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. ஜிபிஎஸ் சிக்னலும் அப்படித்தான். ஆகவே கடைசி எண் என்பது டிரோன் நீரைத் தொடும்வரை அல்லது இணைப்பு அறும்வரை இருந்த இடம்.

அடுத்தது, மீனவர்கள் பரம்பரையாகச் செய்வது: கோடு பிடிப்பது. டிரோன் விழுந்த திசையைப் பாருங்கள். அந்தத் திசையில் ஒரு பாறை, ஒரு மிதவை, தூரத்தில் ஒரு தீவு, ஏதாவது நிலையான பொருள் இருக்கும். உங்கள் கால் இருக்கும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டைக் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். பிறகு கரையோரமாக ஐம்பது அறுபது மீட்டர் நடந்துபோய், விழுந்த இடத்தை அங்கிருந்து மறுபடி பார்த்து இரண்டாவது கோடு பிடியுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் உங்கள் தேடலின் நடு. கூட யாராவது இருந்தால் ஒருவர் கண்ணை எடுக்காமல் அந்த இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கட்டும், மற்றவர் நடக்கட்டும். கடலைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தலையைத் திருப்பினாலே எந்த அலை என்று தெரியாமல் போய்விடும்.

மணியைக் குறிப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அந்த மணியை வைத்துத்தான் அப்போது நீர் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா, எந்தப் பக்கம் இழுத்தது என்பதைப் பிறகு கணக்கிட முடியும்.

கடைசியாக ஒன்று. பல செயலிகள் பறக்கும்போதே தெளிவு குறைந்த ஒரு பிரதியைத் தொலைபேசியிலேயே சேமித்துக்கொள்ளும். அந்த அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், விழும்வரையிலான காட்சி உங்கள் கையிலேயே இருக்கும். கடைசிச் சில விநாடிகளில் கரை எந்தப் பக்கம் தெரிகிறது, பாறை இருக்கிறதா என்று பார்த்தால் தேடும் இடம் பாதியாகக் குறையும். பயணப் பதிவு அழிந்துபோகும் என்பதால் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவும் வேலை வேண்டவே வேண்டாம்.

எங்கே கிடக்கும்? ஒரு சின்னக் கணக்கு

வரைபடத்தில் தெரியும் புள்ளியிலேயே டிரோன் இருக்கும் என்று நம்பித்தான் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். எப்படி விழுந்தது என்பதைப் பொறுத்து இது மாறும்.

பேட்டரி தீர்ந்து தானாக இறங்கியிருந்தால் ஏறக்குறைய நேராகக் கீழே வந்திருக்கும். புள்ளிக்குப் பக்கத்திலேயே தேடலாம். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது இறக்கை கழன்றோ பறவை மோதியோ விழுந்திருந்தால் கதை வேறு. 40 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ ஏறத்தாழ 3 விநாடி ஆகும். அந்த நேரத்தில் டிரோன் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தால், விழுந்துகொண்டே கிட்டத்தட்ட 30 மீட்டர் முன்னால் போயிருக்கும். காற்றுத் தடையால் கொஞ்சம் குறையலாம். ஆகவே புள்ளிக்கு முன்னால், அது பறந்த திசையில் தேடுங்கள்.

நீருக்குள் போன பிறகு நீரோட்டம் சேர்கிறது. ஐந்து மீட்டர் ஆழத்தில் அடியைத் தொடப் பத்து விநாடி எடுத்துக்கொள்கிறது, நீரோட்டம் விநாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டர் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அடியைத் தொட்டபின் சேற்றில் அமர்ந்துவிட்டால் பெரிதாக நகராது. மணல் தரையில் அலை அடித்தால் உருண்டு கரைப்பக்கம் வரலாம். என்னுடையது கணக்குப் போட்ட இடத்திலிருந்து நாற்பது மீட்டர் கரையை நோக்கி வந்து கிடந்தது.

எப்போது தேடப் போவது

இதுதான் மிக முக்கியமான படி. அதோடு பினாங்குக்காரர்களுக்குக் கடல் கொடுத்திருக்கும் பெரிய உதவியும் இதுவே. நம் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம். கர்னி டிரைவின் முன்கடலை மண் போட்டு நிரப்புவதற்கு முன் அங்கே நடந்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். காலையில் சுவரை முட்டிய தண்ணீர், பிற்பகலில் பார்த்தால் வெகுதூரம் பின்வாங்கிச் சேறு மட்டும் பளபளக்கும்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் ஏறும், அதே அளவுக்கு அதிகமாக வற்றும். தெலுக் பஹாங்கில் மாசி மகத்துக்குத் தெப்பம் பார்க்கப் போனவர்கள் பௌர்ணமிக் கடலைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். டிரோன் விழுந்தது அந்த நாட்களை ஒட்டி என்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. விழுந்தபோது தலைக்கு மேல் தண்ணீர் இருந்த இடத்தில் சில மணி நேரம் கழித்து இடுப்பளவுதான் இருக்கலாம். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு. அப்போது அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனாலும் போய்ப் பாருங்கள்.

வற்றும் நேரத்தை அலை அட்டவணையில் பார்க்கலாம். மலேசியக் கடற்படையின் நீர்வரைவியல் மையமும் ஜூப்பெம் எனப்படும் நில அளவைத் துறையும் ஆண்டுதோறும் அட்டவணை வெளியிடுகின்றன. இல்லையென்றால் ஜெட்டியில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரிடம் போய், "பாக்சிக், ஆயர் சூரூட் புக்கோல் பெராப்பா?" (ஐயா, நீர் எத்தனை மணிக்கு வற்றும்?) என்று மலாயில் கேளுங்கள். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு நேரத்தைச் சொல்வார். நான் கேட்டவர் நேரத்தோடு நிற்கவில்லை. அந்தக் கரையில் நீர் எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே பள்ளம், எங்கே பழைய வலை கிடக்கிறது என்றெல்லாம் மணலில் கோடு போட்டுக் காட்டினார். எந்தச் செயலியிலும் எனக்கு அந்த விவரம் கிடைத்திருக்காது.

வற்றம் முழுவதுமாக முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது தேடத் தொடங்கி, திரும்ப ஏறத் தொடங்கியதும் வெளியே வந்துவிட வேண்டும். இதில் பேரமே கிடையாது.

எப்படித் தேடுவது

தனியாகப் போகாதீர்கள். இதை நான் ஒரு சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. பினாங்குக் கடலில் பார்வைத் தெளிவு பெரும்பாலும் குறைவு. இழுப்பு இருக்கும் இடங்கள் மேலே அமைதியாகத்தான் தெரியும். ஜெல்லிமீன்களும் உண்டு, பெட்டி ஜெல்லிமீன் போன்ற ஆபத்தான வகைகளையும் இந்தத் தீவைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். நீளக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, பழைய கேன்வாஸ் காலணி போட்டுக்கொள்ளுங்கள். சேற்றில் சிப்பி ஓடு பாதத்தைக் கிழித்துவிடும். கரையில் ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடி கேட்டால் உடனே வெளியேறுங்கள். மார்புக்கு மேல் தண்ணீர் என்றால் அது நடந்து தேடும் இடமில்லை. யாருக்காவது ஆபத்து என்றால் 999.

இரண்டு கோடும் வெட்டிய இடத்தில் ஒரு மூங்கிலை நடுங்கள். அதிலிருந்து ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நடங்கள். ஒரு சுற்று முடிந்ததும் கயிற்றை ஒரு மீட்டர் நீட்டி அடுத்த சுற்று. தோன்றிய திசையில் எல்லாம் நடப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு, எந்த இடத்தைப் பார்த்தோம் என்று சந்தேகமே வராது. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள். திருக்கை மீன் இருந்தால் விலகிப் போகும், டிரோனையும் மிதித்து உடைக்க மாட்டீர்கள்.

கொஞ்சம் ஆழம் என்றால் தூண்டில் கடையில் கிடைக்கும் நீளக் கைப்பிடி வலை நன்றாக வேலை செய்யும். காந்தம் கட்டி இழுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். டிரோனின் உடல் பிளாஸ்டிக், அது ஒட்டாது. மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் நேராக அதன்மேல் பட்டால் ஒட்டலாம். ஆனால் அடியில் கிடக்கும் துருப்பிடித்த ஆணியும் கம்பியும்தான் முதலில் வரும். நான் அதில் நேரம் செலவழிக்க மாட்டேன். கொக்கி கட்டி இழுப்பதும் கடைசி வழிதான், கேமராவின் கழுத்தில் மாட்டினால் முறிந்துவிடும்.

ஆழம் அதிகமென்றால் முக்குளிக்கத் தெரிந்தவரைக் கூலிக்கு அழைப்பது நியாயம். ஆனால் ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஃபெர்ரியும் கப்பலும் போகும் நீரிணையில் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு டிரோனுக்காக அங்கே யாரையும் இறக்கக் கூடாது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளில் விழுந்தாலும் நீங்களாக இறங்காதீர்கள். அவை குடிநீர்த் தேக்கங்கள். அங்குள்ள அலுவலகத்தில் சொல்லி உதவி கேளுங்கள்.

நாங்கள் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கினோம். நான் கயிற்றைப் பிடித்து நடந்தேன், மச்சான் கரையில் நின்றான். ஏழு மணி ஆவதற்கு முன், வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில், கால் விரலில் மெல்லியதாக ஏதோ வளைந்தது. இறக்கை.

கையில் கிடைத்ததும்: முதலில் பேட்டரி

மகிழ்ச்சியில் எல்லாரும் மறப்பது இதைத்தான். லித்தியம் பேட்டரி உப்புத் தண்ணீரில் கிடந்தால் அதன் முனைகளுக்கு நடுவே மின்சாரம் தண்ணீர் வழியாகவே ஓடும். நீரைப் பிரிக்க ஒன்றரை வோல்ட்கூடத் தேவையில்லை. சிறிய டிரோன் பேட்டரியில் 7 வோல்ட்டுக்கு மேல் உண்டு. அதனால் முனைகள் அரிக்கும், வாயு உருவாகும், உள்ளே உள்ள பாதுகாப்புச் சுற்று கெட்டுப்போகும். வெளியே எடுத்தபோது சும்மா இருந்த பேட்டரி சில மணி நேரம் கழித்துச் சூடாகிப் பற்றிக்கொள்ளலாம்.

ஆகவே பவர் பொத்தானை அழுத்திப் பார்க்காதீர்கள். டிரோன் இன்னும் உயிரோடு இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் அப்படியே பேட்டரியைக் கழற்றுங்கள். உப்பியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, இனிப்பான மருந்து போன்ற வாசனை வந்தாலோ கழற்ற முயலாமல் மணல்மேல் வைத்துவிட்டு விலகுங்கள். கழற்றிய பேட்டரியைத் திறந்த வெளியில் ஒரு மணி நேரமாவது வைத்துக் கவனியுங்கள். கொண்டுபோகும்போது மணல் போட்ட திறந்த வாளியில் வையுங்கள், மூடிய டப்பாவில் வைக்காதீர்கள். வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலில், மழை படாத இடத்தில், மணல் நிரப்பிய மண்சட்டியில் இருக்கட்டும்.

அந்தப் பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. வெளியே காய்ந்து நன்றாகத் தெரிந்தாலும் கூடாது. விலை நினைவுக்கு வந்து மனம் கேட்காது, தெரியும். ஆனால் ஒரு வீட்டின் விலைக்கு முன் அது எவ்வளவு? பிறகு மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள், வீட்டுக் குப்பையில் போட வேண்டாம்.

டிரோனைக் கழுவுவது

உப்புநீரில் விழுந்த டிரோனைத் துடைத்துக் காயவைப்பதுதான் பெரிய தவறு. தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். காற்றும் ஈரப்பதமும் சேர்ந்ததும் அது செம்பைத் தின்னத் தொடங்கும். பினாங்குக் காற்றில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமே இல்லை. அதனால் நினைப்பதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: பேட்டரி கழற்றிய டிரோனை நல்ல தண்ணீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தியே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வழியில் காயவிடாதீர்கள்.

வீட்டில் குழாய்த் தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றி அலசுங்கள். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர், கார் உதிரிபாகக் கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். திருகாணிகளைக் கழற்றத் தெரிந்தால் மேல்மூடியைத் திறந்து, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷால் பலகையை மெதுவாகத் துலக்குங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டில் மீதி தண்ணீர்தான், அது போதாது. லென்ஸில் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் அங்கேதான் அரிப்பு தொடங்கியிருக்கிறது.

காயவைக்க அரிசி வேண்டாம். அது ஈரத்தை இழுப்பதைவிட மாவுத் தூளை மோட்டாருக்குள் தள்ளுவதே அதிகம். குளிர்சாதன அறையில் மின்விசிறிக்கு முன்னால் மூன்று நான்கு நாள் வையுங்கள், அப்புறம் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில் இரண்டு நாள். முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

முதல் முறை இயக்கும்போது இறக்கைகளைக் கழற்றிவிட்டு, வேறு நல்ல பேட்டரி போட்டு, வெளியில் வைத்து இயக்குங்கள். அதற்கு முன் மோட்டார்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். நரநரவென்று இருந்தால் தாங்கு உருளையில் மணலோ துருவோ இருக்கிறது. அண்ணன் மகனின் டிரோன் நீச்சல் குளத்தில் விழுந்து, இப்படிக் கழுவியதில் பிழைத்தது. மூன்று வாரம் நன்றாகப் பறந்தது. பிறகு ஒருநாள் ஒரு மோட்டார் நடுவானில் நின்றது. நல்லவேளையாகக் கீழே வெறும் திடல். நீரில் விழுந்து எழுந்த டிரோனை ஆட்களுக்கு மேல் பறக்கவிடாதீர்கள். கடலில் மின்சாரம் ஓடியபடி பல மணி நேரம் கிடந்தது பெரும்பாலும் பிழைக்காது. என்னுடையதும் பிழைக்கவில்லை.

மெமரி கார்டு

ஆனால் கார்டு பிழைத்தது. அந்தச் சின்னத் துண்டுக்குள் நகரும் பாகம் எதுவும் இல்லை, உள்ளே எல்லாம் பிசினில் மூடி அடைத்திருக்கும், தொடுமுனையில் தங்கப் பூச்சு. வாரக்கணக்கில் கடலில் கிடந்த டிரோனிலிருந்துகூடக் கார்டை எடுத்துப் பாருங்கள்.

நல்ல தண்ணீரில் அலசி, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முனைகளைத் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கார்டு ரீடரில் போட்டு முதலில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். "கார்டில் கோளாறு, சரிசெய்யவா?" என்றோ "ஃபார்மட் செய்யவா?" என்றோ கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விழுந்த கணத்தில் பதிவாகிக்கொண்டிருந்த கடைசி வீடியோ திறக்காது, ஏனென்றால் கோப்பின் முடிவுக் குறிப்பை எழுதும் முன்பே மின்சாரம் போய்விட்டது. காட்சி உள்ளேதான் இருக்கிறது. அதே மாடல் டிரோன் ஒன்று நண்பரிடம் இருந்தால், நகலெடுத்த பிறகு அதில் கார்டைப் போட்டுச் சற்று நேரம் இயக்கி வையுங்கள். சில மாடல்கள் தாங்களே கோப்பைச் சரிசெய்யும். இல்லையென்றால், அதே டிரோனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்துச் சரிசெய்யும் இலவச மென்பொருட்கள் உண்டு. என் அத்தை தண்ணீரில் நின்ற பதினோரு நிமிடமும் அப்படித்தான் வந்தது.

காப்புறுதி

டிஜேஐ கேர் ரிஃப்ரெஷ் போன்ற திட்டம் எடுத்திருந்தால் நீரில் விழுந்த சேதத்துக்கும் மாற்று டிரோன் கிடைக்கும், ஒரு தொகை கட்ட வேண்டும். ஆனால் பழுதான டிரோனைத் திருப்பி அனுப்ப வேண்டும். செத்துப்போன டிரோனையும் மெனக்கெட்டுத் தேடுவதற்கு இது ஒரு காரணம். தொலைந்தே போனதற்கான காப்பு சில மாடல்களுக்கு உண்டு. அதற்கு ரிமோட்டும் டிரோனும் முன்கூட்டியே கணக்கில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும், பயணப் பதிவையும் கொடுக்க வேண்டும். அனுப்பும் முன் பேட்டரியைப் பற்றிச் சேவை மையத்தில் கேட்டுவிடுங்கள், நீர் புகுந்ததை அஞ்சலில் போடக் கூடாது.

ஏன் விழுகிறது

என் முதல் டிரோன் விழக் காரணம் மலை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி கரைகளில் நின்றால் இலை அசையாது. பின்னால் உள்ள மலைகள் காற்றை மறைத்துவிடுகின்றன. ஐந்நூறு மீட்டர் கடலுக்குள் போனதும், அறுபது மீட்டர் உயரத்தில், அந்தக் காற்று முழுசாக அடிக்கும், அதுவும் கரையிலிருந்து கடலை நோக்கி. கணக்கைப் பாருங்கள்: டிரோனின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், காற்று 6 மீட்டர். போகும்போது 16, திரும்பும்போது 4. ஒரு நிமிடத்தில் போன தூரத்துக்குத் திரும்பி வர நான்கு நிமிடம். பாதி பேட்டரியில் திரும்பினால் போதும் என்ற கணக்கு இங்கே கவிழ்ந்துவிடும். கடலுக்கு மேல் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், காற்றோடு திரும்புங்கள். கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கிறதென்றால் பக்கத்திலேயே பறக்கவிடுங்கள். அதே பருவத்தில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்றுமழை வரும். மேற்கே கறுத்தால் இறக்கிவிடுங்கள்.

பேட்டரி அபாய அளவுக்கு வந்து தானாக இறங்கத் தொடங்கினால், கையை விட்டுவிடாதீர்கள். உயர்த்தும் குச்சியை மேலே தள்ளிப் பிடித்தால் இறங்குவது தாமதமாகும், முன்னோக்கியும் ஓட்டலாம். அந்த ஒரு நிமிடத்தில் கரைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவருகிறீர்களோ அவ்வளவு ஆழம் குறையும். எனக்கு அது அன்று தெரிந்திருந்தால் மணலிலேயே இறக்கியிருப்பேன்.

இரண்டாவது டிரோன் போனது படகிலிருந்து. தெலுக் பஹாங்கில் ஏறி பந்தாய் கெராச்சுட் பக்கம் போனோம், நடுவில் படகை நிறுத்தி டிரோனை ஏற்றினேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. டிரோன் தானாகவே வீடு திரும்பும் முறைக்குப் போனது. அதற்கு வீடு என்றால் புறப்பட்ட ஜிபிஎஸ் புள்ளி. படகு அதற்குள் முந்நூறு மீட்டர் நகர்ந்திருந்தது. எங்கள் கண் முன்னால், யாருமே இல்லாத கடலுக்கு மேல் நின்று, ஒழுங்காக மெதுவாகத் தரையிறங்கியது. ஆழம், நீரோட்டம், கரையில் கோடு பிடிக்க வழியில்லை. இரண்டு நாள் தேடினோம். அந்தக் கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. என் பேட்டரியும் பிளாஸ்டிக்கும் அங்கே கிடப்பது இன்னும் உறுத்துகிறது. படகில் போகிறவர்கள் ஹோம் பாயின்ட் எனப்படும் அந்த வீட்டுப் புள்ளியை ரிமோட் இருக்கும் இடத்துக்கு அடிக்கடி மாற்றிக்கொண்டே இருங்கள். சிக்னல் அறுந்தால் திரும்புவதற்குப் பதிலாக அங்கேயே நிற்கும்படியும் அமைக்கலாம். இரும்புத் தளத்தில் வைத்து ஏற்றினால் திசைகாட்டி குழம்பும், கையில் பிடித்து ஏற்றுவதை நிலத்தில் நன்றாகப் பழகிவிட்டு வாருங்கள்.

நீருக்கு மிக அருகில் பறப்பதும் காவு வாங்கும். டிரோனின் அடிப்பக்கக் கண்கள், அதாவது உணர்கருவிகள், தரையின் வடிவத்தைப் பார்த்து உயரத்தைக் கணிக்கின்றன. அசையும் அலையும் வெயிலின் பளபளப்பும் அவற்றை ஏமாற்றிவிடும். நீர்மேல் ஐந்து மீட்டருக்குக் கீழே நான் போவதே இல்லை. அப்புறம் பறவைகள். செம்பருந்தும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் நம் கரையெங்கும் உண்டு, கூடு இருக்கும் காலத்தில் டிரோனைத் தாக்கும். வட்டமிடத் தொடங்கினால் நேராக மேலே ஏற்றுங்கள், பிறகு விலகிப்போங்கள். அது அதன் வானம்.

அடுத்த முறை ஏற்றுவதற்கு முன்

மலேசியாவில் 2016 ஆம் ஆண்டின் வான்போக்குவரத்து விதிகள்படி 400 அடிக்கு மேலும், கட்டுப்பாட்டு வான்வெளியிலும், விமான நிலையப் பகுதியிலும் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. நமக்கு ஒரு பக்கம் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், மறு பக்கம் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். ஆகவே நீங்கள் நிற்கும் இடம் எதில் வருகிறது என்பதை காம் எனப்படும் வான்போக்குவரத்து ஆணையத்திடம் உறுதிப்படுத்திவிட்டே ஏற்றுங்கள். வான்வழிப் படமெடுக்க ஜூப்பெமின் அனுமதியும் வேண்டும்.

பேட்டரி வைக்கும் குழிக்குள் உங்கள் தொலைபேசி எண்ணை அழியாத மையில் எழுதுங்கள், மலாயிலும் ஒரு வரி சேர்த்து. வலையில் சிக்கினால் மீனவர் யாரை அழைப்பார்? மேற்பகுதியில் பளிச்சென்ற ஆரஞ்சு நாடா ஒட்டினால் கலங்கல் நீரிலும் கண்ணில் படும், ஆனால் உணர்கருவிகளை மறைக்காமல் ஒட்டுங்கள். மிதவை மாட்டுகிறவர்கள் முதலில் அதோடு திடலில் பறந்து பாருங்கள், காற்று பிடிப்பது மாறியிருக்கும்.

நான் இப்போது கடற்கரைக்குப் போனதும் டிரோன் பையைத் திறக்கும் முன் அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் நிற்கும் இடத்தில் ஒரு குச்சியை நடுகிறேன்.